‘பேட்டரி போய்விட்டது’: ஒரு தொடரும் நான்கு பழுதுகளும்

காலையில் கார் கிளம்பவில்லை என்றால் நம்மவர் வாயில் முதலில் வருவது ‘பேட்டரி போய்விட்டது’ என்னும் தொடர். மலேசியாவில் இன்னும் சுருக்கமாகப் ‘பேட்டரி கொங்’ என்று முடித்துவிடுவோம். அண்டை வீட்டு மலாய்க்காரரிடம் சொன்னாலும் அந்தக் ‘கொங்’ விளங்கும். உடனே தம் வண்டியிலிருந்து இணைப்புக் கம்பிகளை எடுத்து வருவார். மொழியை ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்த நமக்கு இத்தொடர் ஒருவகையில் சுவையானது. வடிவத்தில் அது செய்தி வாக்கியம். பொருளில் அது தீர்ப்பு. கார் கிளம்பாமை ஒன்றைத்தான் நாம் கண்டோம். பேட்டரியின் நிலையை யாரும் காணவில்லை.

அந்தத் தீர்ப்பு தவறானால் என்ன நேரும் என்பதை நாம் காசு கொடுத்துக் கற்றோம். கிள்ளானில் வாழும் நம் தமக்கையார் வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவர். விடியற்காலையில் அவரை அழைத்துச் சென்று விடுவது நம் பொறுப்பு. ஒருநாள் கார் கிளம்பவில்லை. பட்டறைக்குத் தொலைபேசியில் அழைத்துப் ‘பேட்டரி போய்விட்டது’ என்றோம். புதியதைக் கொண்டுவந்து மாற்றினார்கள், கார் ஓடியது. ஐந்து வாரம் கழித்து மீண்டும் அதே நிலை. வேறொரு பட்டறையை அழைத்து அதே தொடரைச் சொன்னோம். முன்னது தரமற்ற பொருள் என்று கூறி மற்றொன்றை மாட்டினார்கள். மூன்றாம் முறை நின்றபோது மணி நாலரை. வாடகை வண்டி கிடைக்கத் தாமதமாயிற்று. தமக்கையாரின் படுக்கை அடுத்தவர்க்குப் போய்விட்டது. பிற்பகல் வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. அந்தக் காத்திருப்பின் அருமை நோயாளியின் வீட்டார்க்குத் தெரியும்.

இக்கட்டுரை கார் பழுதுபார்க்கும் கலையைக் கற்பிக்க எழுந்ததன்று. பழுது எங்கே இருக்கிறது என்பதை அறியும் முறையை மட்டும் விளக்க முயல்கிறோம்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கலாம். தொட்டியே விரிசல் கண்டு நீர் தங்காமல் போயிருக்கலாம். தொட்டியை நிரப்பும் நீர் வராமல் இருக்கலாம். எங்கோ ஒரு குழாய் இரவெல்லாம் ஒழுகியிருக்கலாம். தொட்டி நிறைந்தே இருந்தும் இடையிலுள்ள குழாய் அடைத்திருக்கலாம். காரிலும் இவை நான்குமே உண்டு: பேட்டரி மின்னூட்டத்தைத் தாங்காமை, ஆல்டர்னேட்டர் ஊட்டாமை, நிறுத்திய வண்டியில் மின்சாரம் கசிதல், இணைப்புக் கெடுதல். ‘போய்விட்டது’ என்னும் வினை நான்கையும் ஒன்றாக மூடிவிடுகிறது. தொட்டியில் நீர் வரவில்லை என்றதும் யாரும் புதுத் தொட்டி வாங்குவதில்லை. காரில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

ஒலியே முதற்சான்று

சாவியைத் திருப்பும்போது எழும் ஒலியைக் கேட்பதற்கு எந்தக் கருவியும் வேண்டா. தமிழ் ஒலிக்குறிப்புச் சொற்களில் வளமான மொழி. இங்கே அவ்வளம் கைகொடுக்கிறது.

‘டக்டக்டக்டக்’ என்று விரைந்து ஒலித்தால் ஸ்டார்ட்டருக்குப் போதிய மின்சாரம் எட்டவில்லை என்று பொருள். ஸ்டார்ட்டரின் மேலுள்ள மின்காந்தச் சுவிட்சு ஒட்டுகிறது, ஒட்டியவுடன் பெரும் மின்னோட்டம் இழுக்கப்படுவதால் மின்னழுத்தம் சரிகிறது, சரிந்தவுடன் சுவிட்சு விடுபடுகிறது, விடுபட்டதும் மின்னழுத்தம் மீள்கிறது, மீண்டும் ஒட்டுகிறது. இந்தச் சுழற்சிதான் அந்த அடுக்கொலி. காரணம் பேட்டரியாகவும் இருக்கலாம், இணைப்பாகவும் இருக்கலாம்.

‘டக்’ என ஒருமுறை அழுத்தமாக ஒலித்து நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரின் மீது ஐயம் திரும்பும். முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது இங்கே உதவும். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரியோ இணைப்போ தளர்ந்துள்ளது. விளக்கு சிறிதும் மங்காமல் பிரகாசமாக எரிந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரத்தை இழுக்கவே இல்லை. இயந்திரம் சோம்பலாக ‘ஊ… ஊ…’ என்று முனகிச் சுற்றுவது மின்குறைவின் அறிகுறி. வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றிக்கொள்ளாவிட்டால் பேட்டரிக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. எரிபொருள், தீப்பொறி முதலியவற்றைத்தான் பார்க்க வேண்டும். எந்த ஒலியும் இல்லாவிட்டால் பேட்டரி முனை கழன்றிருப்பதிலிருந்து கியர் ‘பி’ நிலையில் சரியாக அமராதது வரை பல காரணங்கள் இருக்கலாம்.

‘டக்டக்டக் என்கிறது, விளக்கு மங்குகிறது’ என்று தொலைபேசியில் சொல்பவர் தீர்ப்பை விட்டுச் சான்றைத் தருகிறார். பழுதுபார்ப்பவர் எந்தக் கருவியை எடுத்துவர வேண்டும் என்பதுகூட அதில் அடங்கியிருக்கிறது.

அடுக்கு என்னும் சொல்

‘பேட்டரி’ என்பது ஆங்கிலத்தில் பீரங்கி வரிசையைக் குறித்த சொல். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் பிராங்கிளின், மின்னூட்டம் தாங்கும் கண்ணாடிச் சாடிகளை வரிசையாகப் பிணைத்து அவ்வரிசைக்கு இப்பெயரை வழங்கினார். தமிழில் ஒன்று மட்டுமானால் மின்கலம். பல சேர்ந்தால் மின்கல அடுக்கு. இலங்கைப் பாடநூல்கள் இவ்வேறுபாட்டைப் பேணின. நாம் இங்கே பெரும்பாலும் இரண்டையும் கலந்தே வழங்குகிறோம். பேச்சில் ‘பேட்டரி’ என்று சொல்வதில் நமக்குத் தடையில்லை. போமேனிடம் போய் மின்கல அடுக்கு என்று சொல்லி அவரைத் திகைக்கவைக்கவும் வேண்டா. ஆயினும் அது அடுக்கு என்பதை மனத்தில் வைத்திருந்தால் பழுதறிதல் எளிதாகும்.

கார் பேட்டரிக்குள் ஆறு கலங்கள் தொடராக இணைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12.6. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்பது வழக்குப் பெயர்தான். ஓய்வில் உள்ள பேட்டரி 12.0 காட்டினால் அதில் கால் பங்கு மின்னூட்டமே எஞ்சியுள்ளது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 11.9க்குக் கீழே ஏறக்குறைய வெறுமை. நன்றாக ஊட்டிய பின்னும் 10.5 அளவிலேயே நின்றால், ஆறில் ஒரு கலம் செத்தது என்று கணக்கே சொல்கிறது. அத்தகைய பேட்டரியை எவ்வளவு ஊட்டினாலும் பயனில்லை. சில பேட்டரிகளின் மேல் பச்சையாகத் தெரியும் சிறு கண்ணாடிக் கண்ணைப் பலர் நம்புகின்றனர். அந்தக் கண் ஒரே ஒரு கலத்தின் நிலையைத்தான் காட்டும். மற்ற ஐந்தைப் பற்றி அது வாய்திறப்பதில்லை.

இந்த அளவுகளை எடுக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நேர்திசை மின்னழுத்தத்தில் 20 வோல்ட் நிலையில் வைத்துச் சிவப்பு முள்ளை நேர்முனையிலும் கறுப்பு முள்ளை எதிர்முனையிலும் தொடவைக்க வேண்டும். வண்டி இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பின் காலையில் அளப்பதே சரி. ஓட்டிவந்து நிறுத்தியவுடன் அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய மின்னூட்டம் மிகைக்கணக்குக் காட்டும்.

ஓய்வில் 12.6 காட்டுவது மட்டும் போதாது. சாவியைத் திருப்பும் கணத்தில் மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது என்பதைப் பார்க்க ஒருவர் உள்ளே அமர, மற்றொருவர் மானியை நோக்க வேண்டும். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நலம். ஊட்டப்பட்ட பேட்டரி 9.6க்குக் கீழே விழுந்தால் உள்ளே வலுவில்லை. ஓய்ந்திருக்கும்போது திடமாகவும் வேலை கொடுத்தால் துவள்வதாகவும் இருப்பது மனிதர்க்கு மட்டும் உரிய இயல்பன்று.

இதன் வேதியியல் பழமையானது. பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாந்தே 1859இல் அமைத்த ஈய–அமிலக் கலத்தின் வழிவந்ததே இன்றும் நம் காரில் இருப்பது. மின்சாரம் வெளிவரும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட்டுப் படிகிறது. ஊட்டும்போது அது கரைந்து மீள்கிறது. பேட்டரியை வெறுமையாகவே விட்டுவைத்தால் அப்படிவு இறுகி மீளாமற் போகும். நம் நாட்டில் இதற்கு மேலும் ஒரு பகை வெப்பம். குளிர்நாட்டினர் பனிக்காலக் காலைகளில் பேட்டரி சாவதைக் காண்கின்றனர். ஆனால் தகடுகளை அரிப்பதும் நீரை வற்றச்செய்வதும் வெப்பமே. ஆண்டு முழுதும் வெயிலில் நிற்கும் வண்டியில் இரண்டு மூன்று ஆண்டு உழைத்த பேட்டரி தளர்ந்தால் அதனைக் குறைகூற இயலாது. ஐந்தே வாரத்தில் தளர்ந்தால் வேறிடத்தில் தேட வேண்டும். நாம் அன்று தேடவில்லை.

டைனமோ போனது, பெயர் போகவில்லை

நம் பட்டறைகளில் மூத்தவர்கள் இன்றும் ‘டைனமோ’ என்கின்றனர். அக்காலக் கார்களில் இருந்த டைனமோ நேர்திசை மின்சாரம் தந்தது. இயந்திரம் மெல்லச் சுற்றும்போது அதனால் போதிய அளவு ஊட்ட இயலவில்லை. 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. பின்னர் மற்றவர்களும் அவ்வழி சென்றனர். ஆல்டர்னேட்டர் மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்கி, டயோடுகளால் அதனை ஒருதிசைப்படுத்தித் தருகிறது. பொருள் மாறிய பின்னும் பெயர் நிலைப்பது மொழியில் இயல்பு. அதில் தீங்கில்லை.

தீங்கு வேறொன்றில் உள்ளது. பெயரோடு அக்காலப் பழக்கம் ஒன்றும் நிலைத்துவிட்டது: இயந்திரம் ஓடும்போதே பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, வண்டி தொடர்ந்து ஓடினால் டைனமோ நலம் என்று முடிவு செய்வது. இன்றைய வண்டியில் இதனைச் செய்யக் கூடாது. ஊட்டிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியைப் பிரித்த கணத்தில் மின்னழுத்தம் எகிறும். டயோடுகளும் மின்னணுப் பெட்டிகளும் கெடக்கூடும். சில நூறு வெள்ளிப் பழுது சில ஆயிரமாக வளரும். எத்தனை அனுபவமுள்ளவர் கழற்ற முனைந்தாலும் மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

அதற்கு ஈடாக மானியே நமக்கு விடை தருகிறது. இயந்திரம் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஊட்டம் நடைபெறுகிறது. முன்விளக்கு, குளிர்சாதனம், பின்கண்ணாடிச் சூடாக்கி எல்லாவற்றையும் போட்டு, இயந்திரத்தைச் சற்றே விரைவுபடுத்திய பின்னும் 13.5 அளவில் நிற்க வேண்டும். ஓய்வில் காட்டிய அளவையே ஓட்டத்திலும் காட்டினாலோ, நிமிடந்தோறும் இறங்கினாலோ ஆல்டர்னேட்டர் ஊட்டவில்லை. 15ஐத் தாண்டினால் மிகையூட்டம். அமில நீர் கொதித்து வற்றும், அழுகிய முட்டை நாற்றம் எழும். மானியை மாறுதிசை நிலைக்கு மாற்றி அளக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் தென்பட்டால் டயோடு ஒன்று பழுதுற்றிருக்கக்கூடும். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் கணினியே ஊட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். எரிபொருளை மிச்சப்படுத்த ஊட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தியும் வைக்கும். அவற்றில் ஒருமுறை அளந்து முடிவுகட்டக் கூடாது.

முகப்பிலுள்ள சிவப்புப் பேட்டரி விளக்கு, பெயருக்கு மாறாக, பேட்டரியைப் பற்றியதன்று, ஊட்டத்தைப் பற்றியது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, இயந்திரம் ஓடியதும் அணைய வேண்டும். நெடுஞ்சாலையில் அது எரிந்தால் வெப்பமானியையும் உடனே பாருங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டே குளிர்நீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் இயந்திரம் கொதிக்கும். கராக் மலையேற்றத்தில் அதற்கு நேரம் இன்னும் குறைவு. வெப்பம் ஏறினால் உடனே ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்த வேண்டும். வெப்பம் சீராக இருந்தால் குளிர்சாதனம் முதலியவற்றை அணைத்து அடுத்த ஓய்விடம் வரை செல்லலாம். பேட்டரியில் எஞ்சியதைக் கொண்டுதான் வண்டி அப்போது ஓடுகிறது, நடுவில் அணைத்தால் மீண்டும் கிளம்பாது.

கசிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நிறுத்திய வண்டியும் கடிகாரம், திருட்டுத் தடுப்பு ஆகியவற்றுக்காகச் சிறிது மின்சாரம் உண்ணும். 50 மில்லியாம்பியர் வரை இயல்பு. 60 ஆம்பியர்–மணி பேட்டரியை அந்த அளவு கசிவு வெறுமையாக்க ஐம்பது நாள் ஆகும். நிறுத்திய பின்னும் படம்பிடிக்கும் முகப்புக் கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் அதே பேட்டரி ஐந்து நாளில் தீரும். இரண்டு நாள் நிறுத்தினால் கிளம்பாத வண்டி நாள்தோறும் ஓட்டினால் கிளம்புமானால், முதலில் பின்னால் பொருத்திய கருவிகளைக் கழற்றிப் பாருங்கள்.

கம்பியின் முனையில்

இனி நம் கதைக்கு வருவோம். மூன்றாம் முறை வந்தவர் இருபத்தைந்து வயது இளைஞர். நாம் வழக்கமான தொடரைச் சொன்னோம். “பேட்டரி இருக்கட்டும் அங்கிள். சாவியத் திருப்பினப்போ என்ன சத்தம் வந்துச்சு?” என்று கேட்டார். சொன்னோம். பேட்டரியை அளந்தார்: 12.5. பிறகு மானியின் ஒரு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை இயந்திரத்தின் உலோக உடலிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். எதிர்முனையும் இயந்திரமும் ஒரே கம்பியால் இணைந்தவை, அவற்றுக்கிடையே 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்தான் இருக்கலாம். மானி 3ஐத் தாண்டியது.

எர்த் கம்பி இயந்திரத்தோடு திருகப்படும் இடத்தில், உறைக்குள்ளே, செம்பு பச்சையாகப் பூத்து அரித்திருந்தது. வெளித்தோற்றத்தில் எக்குறையும் இல்லை. அங்கே தோன்றிய மின்தடை ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு விளங்கும். உள்விளக்கு அரை ஆம்பியர் இழுக்கும்போது அங்கே இழப்பு 0.01 வோல்ட்; கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது இழப்பு 3 வோல்ட். விளக்கெல்லாம் நன்றாக எரிந்தும் கார் கிளம்பாத புதிருக்கு இதுவே விடை. சாவியைச் சில நொடி திருப்பிய பின் இணைப்பைத் தொட்டால் சூடாக இருப்பதும் இதனால்தான்.

பேட்டரியை மாற்றியபோதெல்லாம் கார் ஏன் ஓடியது என்று கேட்டோம். புதியது முழு ஊட்டத்துடன் வந்தது. அந்த மிகுதி சில வாரம் இழப்பை ஈடுகட்டியது. மாற்றும்போது கம்பி அசைந்ததில் தொடர்பும் சற்றே சீரானது. மருந்து தவறானது, நோயாளி எழுந்தார், மருத்துவர் பெயர் பெற்றார். சான்றையும் விளக்கத்தையும் பிரித்து எழுதுக என்று மாணவர்களின் ஆய்வேடுகளில் சிவப்பு மையால் எத்தனை முறை எழுதியிருப்போம்! நாமே விளக்கத்தை மட்டும் இருமுறை தொலைபேசியில் சொல்லி, இரண்டு பேட்டரிகளை வாங்கியிருக்கிறோம். அந்தப் பட்டறையினர் அளந்து பார்க்காதது அவர்கள் குறை. அளக்க வேண்டிய தேவையே இல்லாதவாறு நாம் பேசியது நம் குறை.

புதுக் கம்பி நாற்பது வெள்ளிக்குள் முடிந்தது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த முனைகளை நாமே தூய்மை செய்யலாம்: முதலில் எதிர்முனைக் கவ்வியைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். சோடா உப்புக் கரைத்த வெந்நீர் அமிலப் படிவை நீக்கும். கண்ணுக்குக் காப்பு அணிவது நலம். அண்டை வீட்டார் வண்டியிலிருந்து மின்சாரம் பெறும்போது நேர்முனையை நேர்முனையோடு இணைத்துவிட்டு, கறுப்புக் கம்பியின் கடைசி முனையை நம் பேட்டரியில் பூட்டாமல் இயந்திரத்தின் உலோகத்தில் பூட்ட வேண்டும். பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் தேங்கியிருக்கலாம். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அவ்வாறு கிளம்பிய வண்டியைக் கால்மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. வெறுமையான பேட்டரியை ஊட்டுகருவியில் பல மணி நேரம் வைப்பதே அதற்கும் ஆல்டர்னேட்டருக்கும் நல்லது.

அந்த இளைஞர் விட்டுச்சென்ற அட்டை இன்னும் நம் வண்டியின் கையறைப் பெட்டியில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் மாதந்தோறும் இரண்டு எண்களைக் குறித்து வருகிறோம். இம்மாதம், காலை ஓய்வில் 12.5; ஓட்டத்தில் 14.1. தமக்கையாரை நாளை விடியலில் அழைத்துச் செல்ல வேண்டும்.